சோயா விதைப்பு: வரிசைக்கு வரிசை 30 செ.மீ.யா, 45 செ.மீ.யா?

மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் பருவமழை சுமார் 100 மி.மீ. பெய்து கரிசல் மண் நன்கு நனைந்த பிறகே சோயா விதைக்கிறார்கள். அங்கு 45 செ.மீ. அகல வரிசையும் 30 செ.மீ. நெருக்க வரிசையும் வழக்கத்தில் உள்ளன. முதன்முறையாகப் பயிரிடுபவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு வரிசைப்படி விளக்குகிறேன்.

முதலில் ரகத்தின் வயதைப் பாருங்கள். ஏறத்தாழ 95 முதல் 100 நாள் வயதுடைய ஜே.எஸ். 335 கிளைத்துப் படர்ந்து 45 செ.மீ. இடைவெளியையும் தழையால் மூடிவிடும். ஆனால் 85 நாள் அளவில் முற்றிவிடும் ஜே.எஸ். 95-60 போன்ற குட்டை ரகத்துக்கு அதற்குரிய அவகாசம் இல்லாததால் 30 செ.மீ. பொருந்தும். மழை தாமதித்து ஜூலை நடுவில் விதைக்க நேர்ந்தாலும், மண் ஆழம் குறைவாக இருந்தாலும் நெருக்க வரிசையே நல்லது.

அடுத்து, களையை எப்படி எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். என் கணிப்பில் ரகத்தைவிட இதுவே பெரிய கேள்வி. மாடு பூட்டி ஓட்டும் டோரா அல்லது குல்பா என்னும் களையெடுப்புக் கருவியை நம்பியிருப்பவருக்கு 45 செ.மீ. வேண்டும், 30 செ.மீ. வரிசையில் அது செடியின் வேரைச் சீவிவிடக்கூடும். களைக்கொல்லி தெளிப்பவர் நெருக்க வரிசைக்குப் போகலாம். தழை சீக்கிரம் மூடி, பின்னர் முளைக்கும் களைக்கு வெயில் கிடைக்காமல் செய்துவிடும். ஆயினும் ஈரம் நிற்கும் வயலில் நெருக்கம் இலைக்கருகல் நோய்க்கு இடம் கொடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, கணக்கு. புதியவர் அதிகம் தவறுவது இங்கேதான். 45 செ.மீ. வரிசையில் செடிக்குச் செடி 5 செ.மீ. விட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4.44 லட்சம் செடிகள் நிற்கும். வரிசையை 30 செ.மீ. ஆக்கிவிட்டு அதே 5 செ.மீ.யை வைத்துக்கொண்டால் 6.67 லட்சம் ஆகிவிடும். செடிகள் மெலிந்து உயர்ந்து சாயும், விதைச் செலவும் வீண். ஆகவே 30 செ.மீ. வரிசையில் செடி இடைவெளி 7.5 செ.மீ. ஆக வேண்டும்.

விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு 100 விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பை எண்ணுங்கள். சோயா விதையின் தோல் மிக மெல்லியது. மூட்டையைத் தூக்கிப் போட்டாலே முளைப்புத்திறன் குறையும். 70 விதைகள் முளைத்தால், 45 செ.மீ. வரிசையில் மீட்டருக்கு 29 விதைகளும், 30 செ.மீ. வரிசையில் 19 விதைகளும் விழ வேண்டும். நூறு விதையின் எடை 12 கிராம் என்றால், எந்த இடைவெளியானாலும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 76 கிலோ தேவைப்படும்.

இறுதியாக, விதைப்பானில் மண்ணைக் கீறி விதையை இறக்கும் முனைகளான கொழுக்களைத் தளர்த்தி, நுனிக்கு நுனி அளவுநாடா வைத்துப் பொருத்துங்கள். கெட்டித் தரையில் பத்து மீட்டர் ஓட்டி, ஒரு மீட்டரில் விழுந்த விதைகளை எண்ணிச் சரிபார்த்த பின் வயலில் இறங்கி, 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் விதையுங்கள். பூக்கத் தொடங்கும் நாளில் நண்பகலில் வரிசைகளுக்கு நடுவே குனிந்து பாருங்கள். மண்ணில் பட்டையாக வெயில் விழுந்தால் அந்த ரகத்துக்கு அந்த வயலில் உங்கள் வரிசை அகலம் அதிகம்; அடுத்த ஜூனில் கொழுக்களை நெருக்கிக்கொள்ளலாம்.