டர்பன்–சென்னை விமானப் பயணம்: நேரக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

டர்பனிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 7,100 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் எட்டு மணி நேரம். இந்தக் கணக்கை நம்பித்தான் பெரியம்மா மகள் திருமணத்துக்கு நாங்கள் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து புறப்பட்டோம். கும்பகோணத்தில் காலை முகூர்த்தம். நாங்கள் மண்டபத்தை அடைந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா அன்று அழுததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேர்கோட்டுப் பாதை மடகாஸ்கரைக் கடந்து இந்தியப் பெருங்கடலின் மேல் செல்கிறது. நாம் அந்த வழியில் போவதில்லை. துபாய் வழியாகப் போனால் அங்கு வரை 6,600, பிறகு சென்னைக்கு 2,900; மொத்தம் 9,500 கிலோமீட்டர். விமானம் மேலேறவும் இறங்கவும் பிடிக்கும் நேரத்தை 900-ஆல் வகுக்கும் கணக்கு காட்டாது.

அதிகம் பேர் தடுமாறுவது கடிகாரத்தில். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். தென்னாப்பிரிக்காவைவிட துபாய் 2 மணி நேரமும் இந்தியா மூன்றரை மணி நேரமும் முன்னால் இருக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: டர்பனில் மாலை 7 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் பிற்பகல் 3.15-க்குச் சென்னை. கழித்தால் 20 மணி 15 நிமிடம் வருகிறது. அதில் மூன்றரை மணியைக் குறைத்தால் 16 மணி 45 நிமிடம். இடையில் விமானம் மாறக் காத்திருப்பதையும் சேர்த்து, உண்மையான பயண நேரம் அதுதான். ஊர் திரும்பும்போது அதே மூன்றரை மணியைக் கூட்ட வேண்டும். தேதியையும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குகிறோம். உங்களை அழைத்துப்போக வருபவரிடம் சென்னைத் தேதியையும் சென்னை நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள்.

1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த நம் முன்னோருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நமக்கு ஒரு நாள்கூட ஆகாது என்ற துணிவில்தான் இரு முனைகளிலும் உள்ள சாலைப் பயணத்தை மறந்துவிடுகிறோம். கிங் ஷாக்கா விமான நிலையம் நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது. சாட்ஸ்வர்த்காரர்களுக்கு அதைவிடத் தூரம், மாலை நெரிசல் வேறு. அந்தப் பக்கம் சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் காரில் ஆறேழு மணி நேரம். நாங்கள் தோற்றது அங்கேதான். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே சென்னையில் இறங்கிவிடுங்கள். விடுதிச் செலவு பெரிதல்ல.

துபாய்க்குப் பதில் ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போவதானால், மலிவாகக் கிடைக்கிறது என்று டர்பன்–ஜோகன்னஸ்பர்க் டிக்கெட்டைத் தனியாக வாங்காதீர்கள். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. புது டிக்கெட் வாங்க நேரிடும். முழுப் பயணமும் ஒரே பதிவில் இருக்கட்டும்.

ஜோகன்னஸ்பர்க் வழியாகத் திரும்பினால், பெட்டியில் டர்பன் சீட்டு ஒட்டியிருந்தாலும் அங்கேயே அதை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். குடிநுழைவு வரிசையும் நீளமாக இருக்கும். அந்த இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.