செட்டிநாட்டுச் செம்மண்ணில் பத்துமணிப் பூ விரிப்பு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்தில் பத்துமணிப் பூச்செடி வெயிலில் கருகிச் செத்ததாகக் கேட்பது அபூர்வம். ஈரம் தேங்கி அழுகுகிறது, இல்லாவிட்டால் நிழலில் நின்று பூக்காமல் நீண்டுகொண்டே போகிறது. கன்று வாங்கும் காசைவிட, இடம் பார்ப்பதிலும் மண் கலப்பதிலும் ஒரு நாள் செலவழிப்பது மேல்.

நர்சரிகளில் இதைப் பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் என்று இரண்டு பெயரிலும் விற்பார்கள். உண்மையில் இரண்டு வகைச் செடிகள் உண்டு. ஊசிபோல உருண்ட இலை, கணுவில் வெள்ளை முடி, ரோஜா மாதிரி அடுக்குப் பூ இருந்தால் அது போர்ச்சுலாகா கிராண்டிஃப்ளோரா. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில்தான் இதன் பூர்வீகம். கரண்டிபோலத் தட்டை இலையும் பெரும்பாலும் ஒற்றை அடுக்குப் பூவும் இருந்தால் போர்ச்சுலாகா அம்ப்ராட்டிகோலா. தரையை மூட இரண்டும் உதவும். தட்டை இலை வேகமாகப் படரும், மழையில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அடுக்குப் பூ கண்ணுக்கு அழகு, மழைக்கு ஆகாது. 40 சதுர அடிப் பாத்தி ஒன்று முழுவதும் அடுக்குப் பூவாகவே போட ஆசைப்படுகிறவர்கள் ஐப்பசியில் பாதியை இழக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இடம்

நேரடி வெயில் தினம் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் முற்றம் இதற்குப் பொருந்தாது. நாலு பக்கமும் கட்டடம் நிற்பதால் உச்சிப்பொழுதில்தான் வெயில் இறங்கும், மார்கழியில் அதுவும் குறைந்துவிடும். வேப்பமர நிழல், போகன்வில்லா அடி இவையும் வேண்டாம்.

பழைய வீடுகள் பலவும் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதால் பக்கவாட்டு மதிலோரங்கள் வடக்கும் தெற்குமாக அமைகின்றன. இங்கே நிழல்கணக்கு பார்க்க வேண்டும். சித்திரை பிறக்கும் நாளையொட்டி நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பிறகு வடக்கே சாய்ந்து ஆவணியில் மறுபடி உச்சி கடக்கும். ஆனி மாத நடுப்பகலில் 12 அடிச் சுவரின் நிழல் தெற்குப் பக்கம் சுமார் 3 அடி விழும். மார்கழியில் அதே சுவரின் நிழல் வடக்குப் பக்கம் 8 அடி வரை நீளும். ஆகவே தெற்குப் பக்கம் பாத்தி போட்டால் சுவரிலிருந்து 3 அடி தள்ளிப் போடுங்கள். வடக்குப் பக்கம் போட்டால் பங்குனி முதல் புரட்டாசி வரைதான் பூ என்று தெரிந்தே போடுங்கள்.

ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து மழைநீர் கோடாக விழும் இடத்தை மட்டும் எந்தத் திசையிலும் தொடாதீர்கள். ஒரே மழையில் அங்கே வேர் வெளியே வந்துவிடும். ஆள் நடக்கும் பாதையும் கூடாது. சாறு நிறைந்த தண்டு, மிதித்தால் கூழாகிவிடும்.

மண்

நம் செம்மண்ணில் ஒரு குணம் உண்டு. காய்ந்தால் மேலே ஓடு கட்டும், அடியில் சரளை இறுகிக் கிடந்தால் நீர் இறங்காது. சோதித்துப் பாருங்கள். அரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வடிந்தால் அந்த இடத்திலேயே மண் கலந்து நடலாம். தேங்கி நின்றால் 4 அங்குலம் மேடாக்கிய பாத்திதான் வழி.

கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 2 பங்கு, உடைத்த நாட்டு ஓடு 1 பங்கு, நன்கு மட்கிய சாணி உரமோ மண்புழு உரமோ அரைப் பங்கு. 40 சதுர அடிப் பாத்தியை 4 அங்குலம் உயர்த்தச் சுமார் 13 கன அடிக் கலவை தேவைப்படும். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதை அலசிவிட்டுப் போட வேண்டும். அதிலுள்ள மாவுத்தூள் செம்மண்ணோடு சேர்ந்தால் சிமெண்டுபோல இறுகும்.

நாட்டு ஓட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. வீடு பிரிக்கும் இடங்களில் உடைந்த ஓடு குவிந்து கிடக்கும். கொண்டைக்கடலை அளவுக்குத் தட்டி, தூளைச் சலித்து எறிந்துவிட்டு, சில்லை மட்டும் எடுங்கள். அது கொஞ்சம் ஈரம் உறிஞ்சி வைத்து மெதுவாக விடும், இடையில் காற்றும் புகும். ஆனால் அதே குவியலில் கிடக்கும் சுண்ணாம்புக் காரையைச் சேர்த்துவிடாதீர்கள். சுண்ணாம்பு கூடினால் செடியால் மண்ணிலுள்ள இரும்புச்சத்தை எடுக்க முடியாது. கொழுந்து இலைகள் மஞ்சளாகிச் செடி குறுகிப்போகும். பழைய மதில் அருகே செடி மஞ்சளடித்தால் உரம் போடுவதற்கு முன் மண்ணில் காரைக் கட்டி இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு அகலம்தான் முக்கியம், ஆழம் வேண்டாம். 12 அங்குல அகலம், 5 அல்லது 6 அங்குல ஆழம், அடியில் மூன்று துளை. மானாமதுரை மண்சட்டி கிடைத்தால் பிளாஸ்டிக்கை யோசிக்கவே வேண்டாம், பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைமேல் வைப்பதானால் அடியில் செங்கல் கொடுத்து, வடியும் நீருக்குத் தட்டு வையுங்கள். செம்மண் தண்ணீர் அந்தத் தரைக்கல்லில் ஊறினால் கறை போவது கஷ்டம். தட்டில் தேங்கிய நீரை அன்றே கொட்டிவிடுங்கள். தென்னைநார்க் கழிவு மட்டும் நிரப்பிய தொட்டி மண், கடையில் விற்கிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. அது குடிக்கிற தண்ணீர் இந்தச் செடிக்கு ஒரு வாரத்துக்கும் மேல்.

போத்து நடுதல்

விதையைவிடப் போத்து, அதாவது கிள்ளி நடும் தண்டு, நல்லது. தை பிறந்ததும் தொடங்கினால் பங்குனி வெயிலுக்குள் தரை மூடிவிடும். முறை இதுதான்:

1. பூ மூடிய பிறகு மாலையில் 3 முதல் 4 அங்குல நுனித்தண்டாகக் கிள்ளுங்கள். மொட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் வேர் விடுவதற்கான சத்து பூவுக்குப் போய்விடும்.
2. அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு இலையை உருவுங்கள். மண்ணுக்குள் போகும் இலைதான் முதலில் அழுகும்.
3. ஒரு இரவு நிழலில் பரப்பி வையுங்கள். வெட்டிய வாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். மறுநாள் வாடினாற்போல் இருக்கும், கவலை வேண்டாம்.
4. லேசாக ஈரமாக்கிய மண்ணில் குச்சியால் துளை போட்டு, ஒன்றரை அங்குலம் இறக்கி, விரலால் அழுத்துங்கள். 12 அங்குலச் சட்டிக்கு 7 அல்லது 8 போத்து.
5. பூவாளியால் ஒருமுறை தெளித்துவிட்டு இரண்டு நாள் தொடாதீர்கள். சட்டியாக இருந்தால் நாலைந்து நாள் வெளிச்சமான நிழலில் வையுங்கள். பாத்தியாக இருந்தால் மூன்று நாள் ஓலை போட்டு மூடலாம்.

பாத்தியில் இடைவெளி 6 அங்குலம் என்றால் 40 சதுர அடிக்கு 160 போத்து, 8 அங்குலம் என்றால் 90. கையில் இருப்பது குறைவாக இருந்தால் 8 அங்குலமே போதும், மூடுவதற்கு இரண்டு வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர் விட்டாயிற்று. மூன்று நாலு வாரத்தில் முதல் பூ வரும். நாலு விரல் நீளத்துக்குக் கிளைத்ததும் நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். பூ நுனியில்தான் பூக்கும், நுனி பெருகினால் பூவும் பெருகும்.

தண்ணீரும் உரமும்

வேர் பிடித்த பிறகு பாத்திக்கு வாரம் ஒருமுறை, சித்திரை வைகாசியில் இரண்டுமுறை. சட்டிக்குக் கோடையில் ஒன்றுவிட்டு ஒரு நாள், மற்ற நாளில் வாரம் இரண்டு. நாள் எண்ணுவதைவிட இலையைப் பார்ப்பது சரி. அடி இலை ஒன்றை விரலால் நசுக்குங்கள். விறைப்பாக இருந்தால் வேண்டாம், தொளதொளவென்று சுருக்கம் கண்டிருந்தால் ஊற்றலாம். வறட்சி வரும்போது இந்தச் செடி, கற்றாழையைப் போல இரவில் கரியமில வாயுவை உள்ளிழுத்துச் சேமிக்கும் முறையையும் கையாளும். பகல் சூட்டில் இலைத்துளைகளைத் திறப்பதைக் குறைத்து நீரைக் காத்துக்கொள்ளும். அதனால் நாலு நாள் ஊருக்குப் போனாலும் பயமில்லை. ஊற்றும்போது காலையில், வேரடியில் ஊற்றுங்கள்.

கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை எல்லாச் செடிக்கும் ஊற்றுகிற பழக்கம் இதற்குக் கெடுதல். தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், தண்டு மென்மையாகும், பூ குறையும். மாதம் ஒருமுறை சதுர அடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவினால் தாராளம்.

பூக்கவில்லை என்றால்

முதலில் மணியையும் வானத்தையும் பாருங்கள். பூ காலை ஒன்பது பத்துக்கு விரிந்து பிற்பகல் இரண்டு மூன்றுக்கு மூடும். மேகமூட்டமான நாளில் விரியாமலே இருந்துவிடும். அது நோயல்ல. ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். மாலை வேலை முடிந்து வந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏற்ற செடி அல்ல.

வெயில் போதுமான அளவு இருந்தும் பூ குறைந்தால் தண்டு முதிர்ந்திருக்கும். நடுவில் மொட்டையாகி ஓரத்தில் மட்டும் பச்சை இருக்கும். கத்தரியால் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். வெட்டிய பிறகும் ஒவ்வொரு தண்டிலும் கொஞ்சம் இலை மிஞ்ச வேண்டும், மொட்டைத் தண்டு சில சமயம் துளிர்க்காது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி மொட்டு வரும். வெட்டியது அத்தனையும் போத்து.

தண்டின் அடி கறுத்து, தொட்டால் வழுக்கினால் அது பூஞ்சை அழுகல். மருந்து தேடாதீர்கள். மேலே நல்ல பச்சையாக இருக்கும் நுனிகளைக் கிள்ளி வேறு மண்ணில் நட்டு, அடிச்செடியை மண்ணோடு அள்ளி எறியுங்கள். கணுக்களில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஊசி இலை வகையில் கணுவிலுள்ள இயற்கையான முடியைப் பலர் பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். தொட்டால் பிசுபிசுத்தால்தான் பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு கலந்து வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள், வாரம் ஒன்றாக மூன்று முறை. வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். பக்கத்தில் செம்பருத்தி இருந்தால் அதையும் பாருங்கள், பெரும்பாலும் பூச்சி அங்கிருந்துதான் வந்திருக்கும். கோழியும் மயிலும் கொழுந்தைக் கொத்தும். புதுப் பாத்திக்கு ஒரு மாதம் பழைய மீன்வலை போட்டு மூடுவது உத்தமம்.

மழை மாதங்கள்

ஆவணி புரட்டாசி இடிமழையைச் செடி தாங்கும், மறுநாள் வெயில் அடித்துவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழைதான் எமன். புரட்டாசிக் கடைசியில் நிறத்துக்கு ஒரு சிறு சட்டி வீதம் போத்து வைத்து, மழை படாத, வெளிச்சம் விழும் தாழ்வார ஓரத்தில் வைத்துவிடுங்கள். பத்து நாளைக்கு ஒரு சிறு தம்ளர் தண்ணீர் போதும். அது பூக்காது, பூக்க வைக்கவும் முயலாதீர்கள். வெளியே பாத்தியை அரைச்சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டால் காற்றோட்டம் கிடைத்து ஒரு பகுதி பிழைக்கும். மழையோடு முளைக்கும் சாரணையைச் சிறிதிலேயே பிடுங்குங்கள். அதன் இலையும் தட்டையாக, சதைப்பற்றாக இருப்பதால் தட்டை இலைப் பத்துமணி என்று நினைத்து விட்டுவைக்கிறவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் அது பாத்தியையே மூடிவிடும்.

நிறங்களைக் கலந்து நட்டால் இன்னொரு சிக்கல். ராணி நிற ஒற்றைப் பூ எல்லாவற்றையும் விட வீரியமானது, விதையும் ஏராளம். தானே விழுந்து முளைத்து ஒன்றிரண்டு வருஷத்தில் மஞ்சளையும் வெள்ளையையும் ஓரங்கட்டிவிடும். நிறம் காக்க வேண்டுமானால் நடுவில் ஓட்டுத் துண்டுகளை நிறுத்திப் பிரித்து நடுங்கள், பிடிக்காத நிறத்தின் காய்களைக் கிள்ளிவிடுங்கள். விதையிலிருந்து வரும் செடி தாய் நிறத்திலேயே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடுக்குப் பூவுக்குப் போத்து ஒன்றே நம்பகமான வழி.

விதைதான் வேண்டுமென்றால், காய் பழுப்பாகி, அதன் மேல்மூடி டப்பா மூடிபோலக் கழலுவதற்கு முன் காலையில் பறித்துக் காகித உறையில் போடுங்கள். உள்ளே மிளகாய்ப்பொடிச் சிதறலைவிடச் சிறிய, ஈயம்போல மினுங்கும் விதைகள் இருக்கும். நைஸ் மணலோடு கலந்து தூவி, மேலே மண் மூடாமல் விடுங்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். தட்டை இலை வகையின் நாற்று பருப்புக்கீரை போலவே இருக்கும், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதான். அதற்காகப் பறித்துக் கூட்டு வைக்க வேண்டாம். பத்துமணியில் ஆக்சலேட் என்னும் உப்பு உண்டு. நாய், பூனை மென்றால் அவற்றுக்கும் ஆகாது.