தாடி ஓணானின் வயிறு: விளக்கைப் பார்க்காமல் மருந்து தேடாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் பிறந்த தாடி ஓணான், நம் வேலியோர ஓணானுக்குப் பங்காளி. இரண்டும் அகமிடே குடும்பம். 'பியர்டட் டிராகன்' என்று கடையில் விற்பது பெரும்பாலும் பொகோனா விட்டிசெப்ஸ் என்ற இனம். அதை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "நாலு நாளாச்சு, இன்னும் வெளிக்குப் போகலை. என்ன கொடுக்கலாம்?" என்ன கொடுப்பது என்பது பிறகு. தொட்டியில் சூட்டு விளக்கின் கீழ் அது வெயில் காயும் கல் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

நாலு நாள் என்பது நோயா?

வயதைப் பொறுத்தது. குஞ்சு தினமும் ஒன்று முதல் மூன்று முறை கூடப் போகும். வளர்ந்த ஓணான் வாரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று முறை போனால் போதும். ஆகவே ஒன்றரை வயது ஓணான் நாலு நாள் போகவில்லை என்று மருந்து புகட்டுவது வீண் பதற்றம். நன்றாகச் சாப்பிடும் குஞ்சு மூன்று நாள் போகாமல் இருந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். புதிதாக வீட்டுக்கு வந்தது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமலும் போகாமலும் இருப்பதுண்டு. அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் விட்டாலே பாதி சரியாகும். நாள்காட்டியில் தீனி, மலம் இரண்டையும் குறித்து வையுங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசு போல ஒன்றில் எடையும் போடுங்கள். அந்தத் தராசு ஓணானுக்கு மட்டும் என்று தனியாக இருக்கட்டும். எடை நிலையாக இருந்து, கண்ணும் நடையும் தெளிவாக இருந்தால் பொறுத்திருக்கலாம்.

நல்ல மலம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். உருண்டு திரண்ட பழுப்புப் பகுதி ஒன்று, அதன் நுனியில் ஈரமான சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளைப் பகுதி ஒன்று. வெள்ளை, மலமல்ல; சிறுநீரின் இடத்தில் வரும் யூரேட். அது மென்மையாக நசுங்க வேண்டும். மஞ்சளாகி, கல் போல் கெட்டியானால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. வெறும் வெள்ளை மட்டும் வந்து பழுப்பு வரவில்லை என்றால், தீனி உள்ளே போகவில்லை அல்லது உள்ளேயே நிற்கிறது.

பெரிய தவறு: சூட்டைக் கையால் தொட்டுக் கணக்கிடுவது

ஓணான் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. செரிமான நொதிகள் வேலை செய்வதும் குடல் அசைவதும் வெளியிலிருந்து வாங்கும் சூட்டில்தான். சூடு குறைந்தால் விழுங்கிய பூச்சி செரிக்காமல் வயிற்றிலேயே கிடந்து அழுகும், வாயு சேரும், பசி போகும். மலச்சிக்கல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கதைதான். தீனியைக் குற்றம் சொல்வது சுலபம் என்பதால் விளக்கு தப்பித்துவிடுகிறது.

வளர்ந்த ஓணான் வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தொட்டியின் மறு முனை 24 முதல் 27. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி இதைச் சொல்லாது; அது தான் ஒட்டியிருக்கும் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். துப்பாக்கி போல் பிடித்து அழுத்தும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து, ஓணானின் வயிறு படியும் அந்தக் கல் அல்லது கட்டையின் மேல் நேராகக் காட்டி அளவெடுங்கள். 33 என்று வந்தால் பூசணியும் பப்பாளியும் தேடி அலைய வேண்டாம். விளக்கை இறக்குங்கள், அல்லது வாட்டைக் கூட்டுங்கள்.

வெப்ப நாடுகளில் இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. "அறையே கொதிக்குது, விளக்கு எதுக்கு?" என்று அணைத்துவிடுவார்கள். அறை 33 இருக்கலாம். அது 40 அல்ல. அதோடு, ஓணானுக்கு முதுகில் மேலிருந்து இறங்கும் சூடு வேண்டும். அறை சூடானால் குறைந்த வாட் பல்பு போடுங்கள், குளிர்ந்த முனையைக் காற்றோட்டமாக்குங்கள், சூட்டு முனையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நேரமும் கணக்கு. காலையில் விளக்கு போட்டு ஒரு மணி நேரமாவது காய்ந்த பிறகு முதல் தீனி. விளக்கு அணைக்க இரண்டு மணி நேரம் முன்பே கடைசித் தீனி. ராத்திரி ஒன்பது மணிக்குப் பூச்சி போட்டுவிட்டு ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பது, செரிக்காத மலத்துக்கு நேர்வழி. மின்வெட்டு வந்தால் அன்றைக்குத் தீனியைத் தள்ளிப்போடுங்கள். ஒரு நாள் பட்டினியால் வளர்ந்த ஓணானுக்கு ஒன்றும் ஆகாது.

வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் குழல் விளக்கும் வயிற்றோடு சம்பந்தப்பட்டதுதான். யுவிபி இல்லாமல் தோல் வைட்டமின் டி3 செய்யாது, டி3 இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது, கால்சியம் குறைந்தால் குடல் தசை சுருங்கத் திணறும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். குழலில் வெளிச்சம் இருந்தாலும் யுவிபி தேய்ந்திருக்கும். டி5 (T5) என்ற மெல்லிய குழல் வகையை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

தீனியிலும் தரையிலும்

பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. குஞ்சுக்கு சூப்பர் வார்ம் என்ற பெரிய வண்டுப் புழுவைப் போட்டால் ஓடு செரிக்காமல் அடைக்கும். கிரிக்கெட் பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியம் பொடி தூவாமல் கொடுக்காதீர்கள். வளர்ந்த பிறகும் பூச்சியே பிரதானம் என்று வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. குஞ்சுக்குப் பூச்சி கூடுதல்; வளர்ந்ததற்குக் கீரை, காய் முக்கால் பங்குக்கு மேல். கடுகுக் கீரையும் பரங்கிக்காயும் நல்லவை. பாலக்கீரை தினசரி வேண்டாம், அதன் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளரியும் தர்பூசணியும் நீர்தான். மறுநாள் மலமும் நீராகத்தான் வரும், அது நோயல்ல. அவகாடோவும் மின்மினியும் கூடவே கூடாது. ஒரே ஒரு மின்மினி ஓணானைக் கொன்றுவிடும்.

குஞ்சுக்கு மணல், வால்நட் ஓட்டுத் தூள், 'செரிக்கும்' என்று விற்கும் கால்சியம் மணல் எதுவும் வேண்டாம். செய்தித்தாள் அல்லது டிஷ்யூ விரியுங்கள். மலத்தைப் பார்க்கவும் அதுதான் வசதி. குடலடைப்புக்கு மணல் மட்டுமே காரணம் என்று சொல்வதும் சரியல்ல. சூடு, நீர், கால்சியம் மூன்றும் சரியாக உள்ள ஓணான் நாக்கில் ஒட்டிய துளி மணலைக் கழித்துவிடும். மூன்றில் ஒன்று குறைந்தால் அதே மணல் உள்ளே சேரும்.

குளிப்பாட்டுவது, எண்ணெய் புகட்டுவது

விளக்கைச் சரிசெய்தும் போகவில்லை என்றால் வெந்நீர்க் குளியல் உதவும். நீர் 32 முதல் 35 டிகிரி. மணிக்கட்டின் உட்புறம் விட்டால் சுடவும் கூடாது, சில்லிடவும் கூடாது. ஆழம் முன்னங்கால் முட்டி வரைக்கும்தான். 15 முதல் 20 நிமிடம், பக்கத்திலேயே இருங்கள். நீர் ஆறினால் வேறு வெந்நீர் மாற்றுங்கள். விரல் நுனியால் மார்பிலிருந்து வாலை நோக்கி மெதுவாகத் தடவலாம். கட்டி தட்டுப்பட்டால் அழுத்தாதீர்கள். முடிந்ததும் துடைத்து நேராக விளக்கின் கீழ் விடுங்கள். ஈரத்தோடு குளிர்ந்த மூலையில் விட்டால் குளித்ததன் பலன் போய்விடும். ஓணான் கழிவுத் துவாரம் வழியாக நீர் குடிக்கும் என்று சொல்வார்கள், அப்படி இல்லை. குடிப்பது வாயால்தான். மூக்கு நுனியில் ஒவ்வொரு சொட்டாக விட்டால் நக்கிக்கொள்ளும்.

ஆலிவ் எண்ணெய், மினரல் எண்ணெய் என்று சிரிஞ்சில் ஏற்றிப் புகட்டுவதுதான் வீட்டு வைத்தியத்தில் ஆபத்தானது. மினரல் எண்ணெய்க்குச் சுவை கிடையாது, அதனால் விழுங்காமல் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வரலாம். மசாலா சேராத வேகவைத்த பரங்கிக்காய் கூழ் ஒரு தேக்கரண்டி, அதுவே நக்கித் தின்றால் சரி. அடைப்பு என்று சந்தேகம் வந்த பிறகு மேலும் பூச்சி போடாதீர்கள்.

தண்ணீராகப் போனால்

ஒரு நாள் இளகினால் முந்தின நாள் தீனியைப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து, கெட்ட நாற்றத்தோடு, எடையும் இறங்கினால் காக்ஸிடியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி அல்லது ஊசிப்புழு இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புது மலத்தில் ஒரு துண்டை, வெள்ளையும் சேர்த்து, சிறிய ஜிப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு அருகில் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொடுங்கள். நாய்க்கு வாங்கிய புழு மருந்தை மிச்சம் இருக்கிறதே என்று கொடுக்காதீர்கள். காக்ஸிடியா புழுவே அல்ல, அதற்கு மருந்து வேறு. சிகிச்சை நடக்கும் நாட்களில் தரை விரிப்பைத் தினமும் மாற்றாவிட்டால் அது தன் மலத்திலிருந்தே திரும்பத் தொற்றிக்கொள்ளும்.

மலச்சிக்கல் போலத் தெரிபவை

பெண் ஓணான் வயிறு உப்பி, சாப்பிடாமல், மூலையில் குழி பறித்துக்கொண்டே இருந்தால் அது முட்டை. ஆணே இல்லாமலும் முட்டை வரும். அதைக் குளிப்பாட்டிப் பிதுக்குவது விபரீதம். 20 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் ஈர மணலும் மண்ணும் கலந்த பெட்டி வையுங்கள். நாள்கணக்கில் பறித்தும் இடாமல் சோர்ந்தால் மருத்துவர்.

குளிர்காலத் தூக்கத்தில் வாரக்கணக்கில் மலம் போகாததும் இயல்பு. தவறு நடப்பது அதற்கு முன்னால். வயிறு நிறையத் தின்றுவிட்டு உறங்கினால் உள்ளே அழுகும். சூட்டைக் குறைக்கும் முன் ஒரு வாரமாவது தீனியை நிறுத்தி, விளக்கை வழக்கம் போல எரியவிட்டு, கடைசி மலம் வரட்டும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

முக்கி முக்கி ஒன்றும் வராமல் இருப்பது, பின்னங்கால் இழுபடுவது, நடுக்கம், மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு: அன்றைக்கே கொண்டு போங்கள். கழிவுத் துவாரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை வெளியே நின்றால் அது காய்ந்துவிடக் கூடாது. சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்த நீரில் சுத்தமான துணியை நனைத்துச் சுற்றுங்கள். சர்க்கரை வீக்கத்தை இழுக்கும். நீங்களாக உள்ளே தள்ள வேண்டாம். தரையில் ஈர டிஷ்யூ விரித்த பெட்டியில், ஒட்டும் மணலோ தூளோ இல்லாமல், வெதுவெதுப்பாக எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆரோக்கியமான ஓணானின் மலத்திலும் நோய் பரப்பும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். அதனால் குளியல் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் கொடுத்துக் கழுவச் சொல்லவும் வேண்டாம்.