மேடையைக் கழற்றுங்கள்: ஓப்பன் ஸ்பேஸ் கூட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரின் அல்சூரில் தமிழர் அமைப்பின் கூட்டமானாலும் சரி, ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. கம்பெனிக் கூட்டமானாலும் சரி, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது மேடைதான். அதில் நான்கு நாற்காலி, ஒரு மைக், பக்கத்தில் மடித்துவைத்த பொன்னாடை. ஓப்பன் ஸ்பேஸ் முறையில் கூட்டம் நடத்த முடிவு செய்தவர்களும் இந்த மேடையைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு, "வந்தவர்கள் வாயே திறக்கவில்லை" என்று வருத்தப்படுகிறார்கள்.

இந்த முறையில் முன்கூட்டியே எழுதிய நிகழ்ச்சி நிரல் கிடையாது. எல்லாரும் வட்டமாக உட்கார்வார்கள். பேச விஷயம் உள்ளவர் எழுந்து நடுவே வந்து, தாளில் தலைப்பை எழுதி, பெயரோடு வாசித்து, சுவரில் ஒட்டுவார். நேரமும் இடமும் அந்தத் தாளிலேயே இருக்கும். மற்றவர்கள் தமக்குப் பிடித்த தலைப்புக்குப் போவார்கள். அரை மணி நேரத்தில் ஒரு நாளுக்கான திட்டம் சுவரில் தயாராகிவிடும்.

இதற்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்கரான ஹாரிசன் ஓவன். 1983இல் அவர் ஓராண்டு பாடுபட்டு 250 பேருக்கு ஒரு மாநாடு நடத்தினார். முடிவில் எல்லாரும் புகழ்ந்தது காபி இடைவேளையை. 1985இல் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் காபி இடைவேளையையே மாநாடாக்கிப் பார்த்தார். வட்டம் அவருக்கு லைபீரியாவில் பாலமா என்ற ஊரில் கிடைத்தது. 1960களில் அங்கே நான்கு நாள் விழா ஒன்றைப் பார்த்தார். அதை நடத்த எந்தக் கமிட்டியும் இல்லை. முறைக்கு அவர் உரிமமோ கட்டணமோ வைக்கவில்லை. உலகம் முழுக்கப் பரவியதற்கு அது பெரிய காரணம். கண்டபடி நீர்த்துப்போனதற்கும் அதுவேதான் காரணம்.

முடிவை எடுத்துவிட்டுக் கூட்டுவது

இதைவிடப் பெரிய தவறு இல்லை. டேங்கர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் பற்றி "எல்லாரும் சேர்ந்து யோசிப்போம்" என்று அழைத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் வெளியே வந்துவிடும். அதன் பிறகு அந்தக் குடியிருப்பில் எந்தக் கூட்டத்துக்கும் ஆள் வராது. மண்டபம் பதிவு செய்வதற்கு முன்பே, கூட்டுபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதற்கான பதில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா? நீங்கள் நினைக்காத ஒன்றை மக்கள் கையில் எடுத்தால் விடுவீர்களா? முதல் கேள்விக்கு "ஆம்" என்றால் சாதாரண அறிவிப்புக் கூட்டம் போதும். இரண்டாவதற்கு "இல்லை" என்றாலும் அப்படியே.

எல்லை இருப்பது தவறல்ல, அதை மறைப்பதுதான் தவறு. கையில் 3 லட்ச ரூபாய்தான் இருக்கிறது, பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் மாதப் பராமரிப்புத் தொகையைக் கூட்ட முடியாது என்றால், அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வியை மழுங்கடிப்பது

"தண்ணீர் சிக்கனம்: ஒரு விழிப்புணர்வு" என்று அழைப்பில் மையக் கேள்வியின் இடத்தில் போட்டால் யாருக்கும் எழுந்து வரத் தோன்றாது. 2024 கோடையில் பெங்களூரின் போர்வெல்கள் வற்றியதைப் பார்த்தவர்களுக்கு உறைக்கிற கேள்வி இது: "அடுத்த மார்ச்சில் நம் போர்வெல் வற்றினால் 240 வீடுகளும் எப்படிச் சமாளிப்போம்?" அதில் காலம் இருக்கிறது, அளவு இருக்கிறது, பதில் ஒருவரிடமே இல்லை என்பதும் தெரிகிறது. "மழைநீர்த் தொட்டி எங்கே கட்டலாம்?" என்பது எதிர்ப்பக்கத் தவறு, கேள்விக்குள்ளேயே பதில் உட்கார்ந்திருக்கிறது.

அழைப்பில் "கட்டாயம் வர வேண்டும்" என்ற சொல்லும் வேண்டாம். கட்டாயப்படுத்தி வந்தவர் பின் வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரும் எடுப்பார்.

இடத்தைக் கணக்குப் போடாமல் விடுவது

அறுபது பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாற்காலிக்கு 60 சென்டிமீட்டர் என்றால் ஒற்றை வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 11.5 மீட்டர். பல கிளப் ஹவுஸ்களில் அவ்வளவு இடம் இருக்காது. உடனே நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. உள்வட்டத்தில் 25, வெளிவட்டத்தில் 35 நாற்காலி போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் முக்கால் மீட்டர் அகலத்தில் நான்கு வழி விட்டால், 9 மீட்டர் அகல அறை போதும். வழி விடுவது முக்கியம். பத்துப் பேரின் காலைத் தாண்டித்தான் நடுவே வர முடியும் என்றால் பாட்டிமார் யாரும் வர மாட்டார்கள்.

நடுவே A3 அளவுத் தாள்கள் ஒரு கட்டு, தடித்த மார்க்கர் பத்து. பேனா வைக்காதீர்கள்; இரண்டடி தள்ளி நின்றாலே எழுத்து தெரியாது. சுவரில் ஒட்ட மாஸ்கிங் டேப்தான் வாங்க வேண்டும். செல்லோ டேப் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வரும், மறுநாள் சங்கச் செயலாளர் பில்லோடு வருவார். சுவருக்கு நேரே இருக்கும் மின்விசிறியை நிறுத்திவையுங்கள்.

கூடிப் பேச ஆறு இடம், மூன்று சுற்று என்றால் 18 சின்னச் சீட்டு தேவை. ஒவ்வொன்றிலும் ஓர் இடமும் ஒரு நேரமும் எழுதி முன்பே ஒட்டிவையுங்கள்: "நீச்சல் குளம் பக்கம், 11.00", "பி பிளாக் தாழ்வாரம், 12.20". தலைப்பு கொண்டுவருபவர் ஒரு சீட்டை உரித்துத் தன் தாளில் ஒட்டிக்கொள்வார். ஒரே சீட்டுக்கு இருவர் போட்டியிட வழியே இல்லை. சீட்டு தீர்ந்துபோனால் எழுத ஐந்தாறு வெற்றுச் சீட்டுகளையும் தயாராக வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களில் கன்னடம் பேசுபவர்கள் இருந்தால், மையக் கேள்வியை இரண்டு மொழியிலும் பெரிதாக எழுதுங்கள். தலைப்பு எந்த மொழியில் வந்தாலும், மற்ற மொழியில் ஒரு வரியை வேறு நிற மார்க்கரில் சேர்க்க ஒருவரை நிறுத்துங்கள்.

தொடக்க உரையை விழாவாக்குவது

குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. இவற்றில் எதுவுமே தவறல்ல, வேறொரு நாளில். இங்கே இவை முடிவதற்குள் யார் பெரியவர், யார் பேசலாம் என்பது அறைக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று அழைத்துப் பயனில்லை. கூட்டியவர் ஏன் கூட்டினார் என்பதை மூன்று நிமிடத்தில் சொல்லி உட்காரட்டும். முறையை விளக்க ஒருங்கிணைப்பாளருக்குப் பதினைந்து நிமிடம் போதும். அவரை நடத்துநர் என்று அழைக்க வேண்டாம். பெங்களூரில்கூட அது பஸ்ஸைத்தான் நினைவூட்டும், விசில் அடிக்கும் ஆசையும் வந்துவிடும்.

தலைப்பு கேட்டதும் வரும் மௌனம்தான் கடினமான இடம். முப்பது விநாடி ஒரு மணி நேரம்போல இருக்கும். பதற்றத்தில், "சரி, நானே ஒன்றைத் தொடங்கிவைக்கிறேன்" என்றால் முடிந்தது. அடுத்தடுத்து வருவதெல்லாம் அதன் சாயல்தான். பேசாமல் நில்லுங்கள். யாராவது வருவார்கள். இந்த மௌனத்துக்குப் பயந்துதான் சிலர் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே தலைப்பு வாங்கி வடிகட்டி அச்சடித்து வருகிறார்கள். அது நல்ல நிகழ்ச்சி நிரலாக இருக்கலாம், ஆனால் ஓப்பன் ஸ்பேஸ் ஆகாது. ஒரே மாதிரி இரண்டு தலைப்பு வந்தாலும் நீங்கள் சேர்த்துவைக்காதீர்கள். சேர்வதா என்பதை அந்த இருவரே பேசிக்கொள்ளட்டும்.

இரண்டு கால் விதியை ஒப்புக்குச் சொல்வது

ஓவன் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான்: இருக்கும் இடத்தில் நீங்கள் எதையும் கற்கவும் இல்லை, தரவும் இல்லை என்றால், உங்கள் இரண்டு கால்களைப் பயன்படுத்தி வேறு இடத்துக்குப் போங்கள். நம் ஊர்களில் இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். பெரியவர் பேசும்போது எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று பழகியிருக்கிறோம். எனவே எப்படிப் போவது என்பதையும் சொல்லித்தர வேண்டும். கைகூப்பி, "ஐயா, அந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன்" என்றால் போதும். தலைவரையோ மேனேஜரையோ முன்பே பிடித்து, முதல் சுற்றிலேயே ஒரு குழுவிலிருந்து வெளிப்படையாக எழுந்து இன்னொன்றுக்குப் போகச் சொல்லுங்கள். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள்.

குழு குழுவாகத் தாவுபவரை ஓவன் வண்டு என்றார். ஒரு பூவின் சேதியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறவர். எந்தக் குழுவிலும் சேராமல் காபியோடு நிற்பவர் பட்டாம்பூச்சி. இரண்டு பேரையும் "ஏதாவது ஒரு குழுவில் உட்காருங்கள்" என்று விரட்டாதீர்கள். பட்டாம்பூச்சிகள் இருவர் சந்திக்கும் இடத்தில் சுவரில் இல்லாத பேச்சு பிறக்கும்.

"வந்தவர்களே சரியானவர்கள்", "நடந்ததுதான் நடந்திருக்க முடியும்" போன்ற வாசகங்களைச் சுவரில் ஒட்டுவது வழக்கம். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்கும் டி பிளாக்காரருக்குப் பதிலாக இவற்றைப் பயன்படுத்துவது மோசடி. அழைப்பு சரியாகப் போகவில்லையென்றால் அது அழைத்தவரின் பிழைதான்.

பார்கேம்ப் என்று நினைத்துக்கொள்வது

இது பெங்களூரின் தனிப் பிரச்சினை. 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பிறந்த பார்கேம்ப், 2006இல் டெல்லி, சென்னை, பெங்களூரு என்று வரிசையாக வந்தது. அதுவும் வந்தவர்களே நிரலை எழுதும் கூட்டம்தான், ஆனால் அங்கே ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசுவது இயல்பு. அந்தப் பழக்கத்தில் ஐ.டி. நண்பர்கள் லேப்டாப்போடு வந்து சுவரில் "என் பேச்சு" என்று ஒட்டுகிறார்கள். ப்ரொஜெக்டர் வைக்காதீர்கள், சிக்கலில் பாதி போய்விடும். மீதிக்கு, தலைப்பைக் கேள்வியாக எழுதச் சொல்லுங்கள்.

நடுவில் புகுந்து உதவுவது

குழுக்கள் கூடிவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்கு வேலை குறைவு. சும்மா இருக்க முடியாமல் ஒவ்வொரு குழுவாகப் போய் "எப்படிப் போகிறது?" என்கிறார்கள். போன இடமெல்லாம் பேச்சு நின்று, எல்லாரும் அவரைப் பார்த்து அறிக்கை வாசிக்கிறார்கள். செய்யாமல் விடக்கூடிய இன்னொரு காரியத்தைக் கண்டுபிடி என்பது ஓவனின் பழைய அறிவுரை. டம்ளர் பொறுக்குங்கள், விழுந்த தாளை ஒட்டுங்கள். சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிப் பதினொன்றரைக்கு வந்தவரைச் சுவருக்கு அழைத்துப் போங்கள். அவருக்காகக் கூட்டத்தை நிறுத்த வேண்டாம். சுவர் எல்லாவற்றையும் சொல்லும். ஒரு சுற்றுக்கு 70 நிமிடம், நடுவே 10 நிமிடம். முன்பே பேசி முடித்த குழு கலையட்டும். முடியாத குழுவை மணியடித்துக் கலைக்காமல், வேறு இடம் காட்டுங்கள்.

குறிப்பை நாளைக்குத் தள்ளுவது

மறுநாள் எழுதுகிறேன் என்றவர் எழுதியதில்லை. தலைப்பு கொண்டுவந்தவருக்கு ஒரு பக்கப் படிவம் கொடுங்கள்: தலைப்பு, வந்தவர்கள், பேசியது, அடுத்தது. கையெழுத்துப் போதும், போட்டோ எடுத்து அன்று மாலையே எல்லாருக்கும் அனுப்புங்கள். எழுதத் தயங்குபவர் இரண்டு நிமிடம் வாய்ஸ் நோட் பேசட்டும், வேறொருவர் எழுதலாம்.

இணையத்தில் நடத்தினாலும் இதே கணக்குதான். ஜூமில் ஆட்களை நீங்கள் அறை அறையாகப் பிரித்து அனுப்பினால் கால்களை வெட்டியதுபோல. அவர்களே அறையைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் திறந்துவிடுங்கள்.

கடைசி வட்டத்தைச் சுருக்குவது

ஒருவர் கையிலிருந்து ஒருவருக்கு ஏதாவது ஒரு பொருள் சுற்றிவர, வைத்திருப்பவர் மட்டும் பேசுவார். வேண்டாம் என்றால் அடுத்தவரிடம் தரலாம். ஆளுக்கு 40 விநாடி என்றாலும் 60 பேருக்கு 40 நிமிடம். பதினைந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு வெளிவட்டத்தை அவசரப்படுத்துகிறார்கள். காலையிலிருந்து பேசாதவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

அதற்கு முன், காலையில் தலைப்புகளை ஒட்டியதுபோலவே செயலுக்கென்று ஒரு சின்னச் சந்தை வையுங்கள். செய்ய வேண்டியதைத் தாளில் எழுதி ஒட்ட வேண்டும். பொறுப்பேற்பவர் தன் பெயரையும், அடுத்துக் கூடும் தேதியையும் தானே எழுத வேண்டும். கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்காதீர்கள். யாரும் பெயர் எழுதாத தாளை எடுத்து அங்கே இல்லாதவர் தலையில் கட்டவும் வேண்டாம். "பொறுப்பேற்க ஆள் இல்லை" என்று அறிக்கையில் அதையும் அப்படியே பதியுங்கள். அடுத்த வாரம் அதைப் படிக்கும் ஒருவர் பேனாவைத் தேடக்கூடும்.