ஜேம்ஸ்டவுனைப் பற்றி எழுதும்போது வழுக்கும் இடங்கள்

புதிதாக வரலாறு எழுதும் ஒருவர் போன மாதம் தன் கட்டுரையைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் பத்தியிலேயே 'சோம்பேறிக் கனவான்கள்'. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வார்த்தை. ஆண்டு, பெயர்ப் பிழைகளை விடுங்கள், அவை ஒரு தடவை சரிபார்த்தால் போய்விடும். இது போகாது.

சோம்பேறித்தனத்தின் மேல் பழி

1607 மே மாதம் அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இங்கிலாந்திலிருந்து வந்த சுமார் 104 பேர் குடியேறினார்கள். அந்த ஊர்தான் ஜேம்ஸ்டவுன். அடுத்த ஜனவரியில் மிஞ்சியவர்கள் 38 பேர். உடம்பு வளையாத கனவான்கள், அதனால் செத்தார்கள் என்று நானும் எழுதினேன். 'உழைக்காதவனுக்குச் சோறில்லை' என்று அவர்களின் தலைவராக இருந்த ஜான் ஸ்மித் போட்ட விதி கையில் இருக்கும்போது யாருக்குத்தான் விட மனசு வரும்?

ஒரு பள்ளியில் இதையே பேசினேன். ஒரு மாணவி எழுந்து, "அவங்க எந்தத் தண்ணியக் குடிச்சாங்க, சார்?" என்றாள். மழுப்பிவிட்டு இறங்கினேன்.

குடித்தது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். அந்த இடம்வரை கடல் ஓதம் ஏறும். ஏற்றத்தில் ஒரே உப்பு, வற்றத்தில் சேறும் அழுக்கும் என்று அங்கேயே இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதி வைத்திருக்கிறார். கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறைந்தால் கழிவும் அடித்துப் போகாமல் தேங்கிவிடும். வயிற்றுக்கடுப்பிலும் காய்ச்சலிலும் கிடப்பவன் எப்படி மண்வெட்டி பிடிப்பான்? போதாததற்குப் பஞ்சம் வேறு. அந்தப் பக்கத்துப் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1606 முதல் 1612 வரை கடும் வறட்சி, 770 ஆண்டுகளில் அதைவிட வறண்ட ஏழாண்டு இல்லை என்று 1998-ல் சொன்னார்கள்.

என் கட்டுரையோ அதற்குள் அச்சேறிவிட்டது. அதை நம்பி நாலு பேர் எழுதியும்விட்டார்கள். இன்றைக்கும் அந்த வார்த்தையைப் பார்த்தால் எரிச்சல்தான், பாதி என் மேலேயே.

'விதைத்துப் பிழைத்தார்கள்'

முதல் வருடங்களில் இல்லை. அவர்களுக்குச் சோறு போட்டது அந்த மண்ணின் பூர்வகுடிகளான பௌஹாட்டன் மக்களின் மக்காச்சோளம். செம்பு உலோகமும் கோடரியும் கொடுத்து வாங்கினார்கள். வறட்சியில் அந்த மக்களிடமே தானியம் குறைந்தபோது, வாங்கப் போனவர்கள் மிரட்டிப் பிடுங்கினார்கள். அப்புறம் 1609 குளிர்காலத்தில் குடியேறியவர்களின் கோட்டையைச் சுற்றி பௌஹாட்டன்களின் முற்றுகை. வெளியே போய் வேட்டையாடவும் வழியில்லை. இடையில் கப்பல்களில் புது ஆட்கள் வந்து சேர்ந்திருந்தும், வசந்தத்தில் உயிரோடு இருந்தவர்கள் 60 பேர் அளவில்தான்.

கப்பலை மறப்பது

1610 ஜூனில் ஊரையே கைவிட்டுக் கிளம்பினார்கள். ஆற்றில் புது ஆளுநர் டி லா வார் பிரபு கப்பலில் ஆளும் உணவுமாக எதிரே வந்ததால்தான் திரும்பினார்கள்.

பிளிமத்

அது வடக்கே இன்னொரு ஆங்கிலேயக் குடியேற்றம்; 1620, வேறு கூட்டம். கலக்காதீர்கள்.

புகையிலை

1612-க்கு முன் பேச்சே எடுக்க வேண்டாம். குடியேறியவர்கள் அதைப் பயிரிடத் தொடங்கியதே அப்போதுதான்.