ஷாஷியில் தனியாகச் சில நாட்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு

சீனாவின் யுன்னான் மாகாணத்தில், டாலிக்கும் லிஜியாங்குக்கும் நடுவே மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது ஷாஷி. தேயிலையும் உப்பும் ஏற்றிய குதிரைகள் தங்கிப் போன பழைய சந்தை ஊர். டாலியிலிருந்து காலையில் வந்து, படமெடுத்துவிட்டு மாலையே திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம். மூன்று இரவாவது தங்குங்கள்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

நீங்கள் தங்கும் நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை இருக்க வேண்டும். அன்றுதான் வாரச்சந்தை. மலைக் கிராமங்களிலிருந்து பாய், யி இன மக்கள் காய்கறி, மூலிகை, கோழி எல்லாம் கொண்டுவருவார்கள். சந்தை கூடுவது பழைய சதுக்கத்தில் இல்லை, வெளியே பெரிய சாலைப் பக்கம்.

2. கைபேசியை உங்கள் ஊரிலேயே தயார் செய்யுங்கள்

அங்கே பணம் செலுத்த உதவும் அலிபே செயலியை நிறுவி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா அல்லது மாஸ்டர்கார்டை இணையுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வங்கியிடம் சொல்ல மறக்காதீர்கள். 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் செலுத்தினால் 3% கட்டணம். கூகுள் அங்கே தடை என்பதால், வழி பார்க்க அமேப், கூடவே இணையம் இல்லாமலும் இயங்கும் மொழிபெயர்ப்புச் செயலி.

3. போய்ச் சேருவது

மாகாணத் தலைநகர் குன்மிங்கிலிருந்து டாலிக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பாஸ்போர்ட்தான் டிக்கெட், தானியங்கிக் கதவு திறக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள். டாலியிலிருந்து ஜியான்சுவானுக்குப் பேருந்து, அங்கிருந்து ஷாஷிக்குச் சிறு வேன்.

4. அறை

வெளிநாட்டவரைப் பதிவு செய்யத் தெரிந்த விடுதிதானா என்று முன்பே கேளுங்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் போனால் மின்சாரப் போர்வை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. நடங்கள்

ஊரின் பழைய சதுக்கமான சிடெங்குக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், கடைகள் திறக்குமுன். செம்மணற்கல் தரை, ஒரு பக்கம் 1415-இல் கட்டிய ஷிங்ஜியாவ் பௌத்தக் கோயில், அதற்கு நேரெதிரே நாடக மேடை. கூத்து சாமிக்கும் தெரியட்டும் என்ற ஏற்பாடு, நமக்குப் புதிதில்லை! அழியும் ஆபத்திலுள்ள இடங்கள் என்று உலக நினைவுச்சின்ன நிதியம் வெளியிட்ட 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தச் சதுக்கமும் இருந்தது. பிறகு சூரிச்சிலுள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக (ETH) வல்லுநர்கள் உள்ளூர் நிர்வாகத்தோடு சேர்ந்து சீரமைத்தார்கள். பளபளப்பாக்காமல் விட்டதுதான் அவர்கள் செய்த பெரிய நன்மை.

அப்புறம் கிழக்கு வாசல் வழியாக வெளியேறி, யூஜின் கல்பாலத்தில் ஹெய்ஹுயி ஆற்றைக் கடந்து வயல்வரப்பில் போங்கள். வரைபடம் தேவையில்லை, ஆறு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் வழி தவறாது.

ஒரு முழு நாளை ஷிபாவ்ஷான் மலைக்கு ஒதுக்குங்கள். நான்சாவ், டாலி அரசுகளின் காலத்துக் குடைவரைச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. புத்தர்களுக்கு நடுவே பெண்குறி வடிவில் ஒரு கல். சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் எண்ணெய் தடவித் தடவி அது கறுத்து மின்னுகிறது.

6. சாப்பாடு

அரிசிமாவுக் கட்டியை இழையாக நறுக்கிச் செய்யும் அர்ஸு, சுட்ட பால்தகடான ருஷான் இரண்டையும் விடாதீர்கள். மழைக்காலத்தில் காட்டுக் காளான் கிடைக்கும். சைவம் என்றால் ‘இறைச்சி வேண்டாம்’ என்பது போதாது. பன்றிக்கொழுப்பும் எலும்புச் சாறும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிக் காட்டுங்கள்.

திரும்பும் நாளில் டாலி ரயிலுக்கு முன் அரை நாளாவது இடைவெளி விடுங்கள். வேன் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும்.