உயிர்ப்பாறை இல்லாத கடல்நீர்த் தொட்டிக்குப் பாசித்திரை

ராமநாதபுரம் கரையில் கடல்நீர்த் தொட்டி வைப்பவருக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வாடைக் காலத்தில் வடகடல் (பாக் வளைகுடா) கலங்கினால் தென்கடலில் (மன்னார் வளைகுடா) மொள்ளலாம், சோளகம் என்னும் தென்காற்று வீசும் மாதங்களில் வடகடலில் மொள்ளலாம். தண்ணீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறைக்குத்தான், அதாவது உயிர்ப்பாறைக்குத்தான், வழியில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளமும் கடல்விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூடத் தொடக்கூடாது. பொரிப்பகத்தில் பிறந்த க்ளவுன் (கோமாளி) மீன்களை வைத்துத் தொட்டி நடத்துங்கள்; பாறை செய்யும் சுத்திகரிப்பைப் பாசித்திரையிடம் விடுங்கள். கரடான தட்டியில் தண்ணீரை வழியவிட்டு, விளக்கு காட்டி, அதில் வளரும் பாசியை வாராவாரம் சுரண்டி எறிவதுதான் வேலை. மீன் கழிவின் அமோனியா, நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் அந்தப் பாசியோடு வெளியேறிவிடும்.

திரையின் அளவைத் தொட்டியின் கொள்ளளவு தீர்மானிப்பதில்லை, போடும் தீனிதான் தீர்மானிக்கிறது. நாளுக்கு மூன்று சிறு கட்டி உறைதீனி வரை போடும் 200 லிட்டர் தொட்டிக்கு 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் போதும்.

திரைக்கு, கம்பளி நூல் வேலைப்பாட்டுக்கு விற்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் வாங்குங்கள். பழைய மீன்வலை சும்மா கிடைக்கும்; ஆனால் அது தொய்ந்து மடங்கும், பாசி கொத்தாகக் கழன்று விழும். கேன்வாஸை மேசைமேல் வைத்து, ஆக்சா பிளேடின் பல்லால் இரு பக்கமும் எல்லாத் திசையிலும் பிராண்டுங்கள். உள்ளங்கையில் இழுத்தால் முள்ளாகக் கீற வேண்டும். வழவழப்பாக விட்டால் பாசி வேர்பிடிக்க வாரக்கணக்காகும். பலரும் அவசரப்பட்டு விடும் இடம் இதுதான்.

முக்கால் இஞ்ச் பிவிசி குழாயில் நேர்கோடு போட்டு, 15 செ.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. அகலத்தில் பிளவு அறுங்கள். திரையின் மேல் விளிம்பை அதற்குள் அரை செ.மீ. நுழைத்து, இரண்டு பிளாஸ்டிக் டையால் குழாயோடு கட்டுங்கள். ஒரு முனையில் எல்போ, மறுமுனையில் மூடி. மூடிக்குப் பசை போடாதீர்கள், குழாயைக் கழுவ அதைத் திறக்க வேண்டியிருக்கும். பசை போட்ட மற்ற இணைப்புகளை 24 மணி நேரம் காயவிட்டு, நன்றாக அலசிய பிறகே தொட்டியில் மாட்டுங்கள்.

ஓட்டம் மணிக்கு 800 லிட்டர். பம்பின் பெட்டியில் போட்ட எண்ணை நம்ப வேண்டாம், உயரம் ஏற ஏற அது குறையும். குழாயிலிருந்து விழும் நீரைப் பிடித்துப் பாருங்கள்: 10 லிட்டர் வாளி 45 நொடியில் நிரம்ப வேண்டும். இரு பக்கமும் 10 செ.மீ. தள்ளி, செடி வளர்ப்புக்கான 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, பக்கத்துக்கு 10 வாட். முதல் இரண்டு வாரம் 9 மணி நேரம் எரியட்டும், பிறகு 16 மணி நேரம் வரை கூட்டலாம். இரவில் எரிந்தால் தொட்டியின் பிஎச் இறங்காது. பிளவின்மேல் வெளிச்சம் படாமல் கருப்பு டேப் சுற்றுங்கள். இல்லையென்றால் பாசி பிளவுக்குள்ளேயே வளர்ந்து அடைக்கும்.

விளக்கும் பம்பும் ஒரே மெயின் சுவிட்சில் இருக்கட்டும்; மேலே சொன்ன நேரக்கணக்கு விளக்குக்கு மட்டும்தான். பம்பு நின்று விளக்கு மட்டும் எரிந்தால், ஒரு பிற்பகலில் திரை காய்ந்து கருகிவிடும். அந்த இணைப்புக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். எல்இடியின் முன் அக்ரிலிக் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் சாரலில் உப்புப் பூத்துவிடும்.

ஏழு நாளுக்கு ஒருமுறை திரையைக் கழற்றி, பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். மெல்லிய பச்சை அடி மட்டும் மிஞ்சட்டும். பத்து நாளைத் தாண்டினால் வெளிச்சம் எட்டாத அடிப்பாசி அழுகி, சேர்த்ததையெல்லாம் தண்ணீரிலேயே திருப்பிக் கொடுக்கும். பச்சை முடியாக வளர்வது நல்லது. மஞ்சளாக, ரப்பர்போல இருந்தால் வெளிச்சம் அதிகம் அல்லது ஓட்டம் குறைவு. கருப்புக் குழம்பாக இருந்தால் கழிவு மிகுதி. தீனியைக் குறைத்து, சில வாரம் அடிக்கடி சுரண்டுங்கள்.

கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டவிடாமல் மீன் இருக்கும் மேல்தொட்டியின் நீர் வழிந்து சேரும் கீழ்த்தொட்டியின் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். அதை ஈடுகட்ட ஆர்ஓ நீர் ஊற்றுங்கள்; இங்கே பல கிணறுகளில் உவர்நீர்தான். மட்டம் குறையும்போது மேலே வைத்த கேனிலிருந்து அது தானாக இறங்க, ஆர்ஓ மெஷினுக்கான பிளாஸ்டிக் மிதவை வால்வு போதும். மாடித் தொட்டிக்கு மாட்டும் பித்தளை வால்வு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கசியும் செம்பு நத்தையையும் இறாலையும் கொல்லும். அந்தக் கேன் 10 லிட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. மிதவை சிக்கி முழுதும் இறங்கினாலும், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் இருக்கும் உப்பளவு 33-க்குச் சற்று மேலே நிற்கும். 20 லிட்டர் கேன் என்றால் 32-க்கும் கீழே போய்விடும்.

கரண்டு போனால் மேல்தொட்டி நீர், பம்பு தண்ணீரை மேலே ஏற்றும் திரும்புகுழாய் வழியே கீழே இறங்கும். குழாயில் நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே 6 மி.மீ. துளை போட்டால், மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து ஓட்டம் அறுபடும். 90க்கு 45 செ.மீ. தொட்டியில் ஒரு செ.மீ. என்பது ஏறத்தாழ 4 லிட்டர். குழாய்களில் நிற்பதையும் கேனின் 10 லிட்டரையும் கூட்டி, கீழ்த்தொட்டியில் 25 லிட்டர் இடத்தைக் காலியாக விடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, நீர் நின்றதும் மட்டத்தை மார்க்கரால் குறியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலும் கேனின் 10 லிட்டருக்கு இடம் இருக்க வேண்டும். துளையை நத்தையோ பாசியோ அடைத்தால் இந்தக் கணக்கே பொய்த்துவிடும். திரை சுரண்டும் நாளில் அதையும் பல்குத்தியால் குத்தி விடுங்கள்.

மாதம் ஒருமுறை பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழலும் சிறு சக்கரம்), சரிபாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சுண்ணாம்புப் படிவைப் பல்துலக்கியால் தேயுங்கள். கழற்றும்போது அச்சின் முனையிலுள்ள சிறு ரப்பர் புஷ்ஷைத் தவறவிடாதீர்கள். அது இல்லாமல் மாட்டினால் பம்பு கடகடக்கும், அச்சும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.